விர்ச்சுவல் ஆர்ட்டிகுலேட்டரில் சுத்தமாக வந்த கிரவுன் வாயில் பேலன்சிங் பக்கம் இடிக்கிறது: எங்கே பார்ப்பது?

மில்பெஞ்ச்:

வணக்கம். எக்ஸோகேடில் (கிரவுன் டிசைன் மென்பொருள்) தினமும் டிசைன் செய்பவர்களிடமும், ஆர்ட்டிகுலேட்டர் (தாடை அசைவைப் போலச் செய்யும் கருவி; இங்கே அதன் மென்பொருள் வடிவம்) செட்டிங் தெரிந்த டாக்டர்களிடமும் ஒரு சந்தேகம்.

கேஸ்: கீழ் இடது 36, 37 (முதல், இரண்டாம் கடைவாய்ப்பற்கள்). இரண்டும் தனித்தனி மோனோலித்திக் (ஒரே கட்டியில் கடைந்த) ஜிர்கோனியா கிரவுன் (பல் உறை). கிளினிக்கிலிருந்து வந்தது இன்ட்ராஓரல் ஸ்கேன். கீழே 33 முதல் 37 வரை, மேலே 23 முதல் 27 வரை, இடது பக்கம் ஒரு பைட் ஸ்கேன் (மேல், கீழ் பற்கள் கடித்த நிலை). அவ்வளவுதான். சராசரி நிலையில் ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றினேன். கான்டைல் (தாடை மூட்டு முனை) பாதையின் சாய்வு 35°, பென்னட் கோணம் (பேலன்சிங் பக்கக் கான்டைல் உள்நோக்கிப் போகும் கோணம்) 10°, இம்மீடியட் சைடு ஷிஃப்ட் (அசைவின் தொடக்கத்திலேயே தாடை பக்கவாட்டில் நகரும் தூரம்) 0. இன்சைசல் டேபிளை (முன்பற்களின் வழிகாட்டலுக்குப் பதிலாக நிற்கும் தட்டு) தொடவில்லை, மென்பொருள் கொடுத்தபடியே விட்டேன். நேர் கடியில் எதிர்ப்பல்லுக்கு 0.03 மி.மீ. இடைவெளி. பிறகு எல்லா அசைவுகளையும் ஓட்டி, இடிக்கும் இடங்களைத் தானாக வெட்டச் சொன்னேன். திரையில் ஒரு நிறம்கூட மிச்சமில்லை.

வாயில் வைத்தால் நிலைமை வேறு. நேராகக் கடிக்கும்போது 36 சரியாக இருக்கிறது, 37 கொஞ்சம் ஹை (உயரம் கூடுதல்). தாடையை வலப்பக்கம் நகர்த்தினால் (அப்போது இடப்பக்கம்தான் பேலன்சிங் பக்கம்) 36-இன் டிஸ்டோபக்கல் கஸ்ப்பின் (பின்-கன்னப்பக்க முகட்டின்) உள்சரிவில் கார்பன் பேப்பர் அழுத்தமாக ஒரு கோடு போடுகிறது. அதைத் தேய்த்து எடுத்ததில் அந்த இடத்தின் கனம் 0.5 மி.மீ. அருகே வந்துவிட்டது.

கோணங்களை மாற்றினால் சரியாகுமா? மாற்றுவதானால் எந்தப் பக்கம், எவ்வளவு? அல்லது சராசரி மதிப்பில் ஓட்டும் சிமுலேஷனை நம்பவே கூடாதா?

---

கஸ்ப்_டு_ஃபோஸா:

கோணங்களுக்கு அப்புறம் வரலாம். முதலில் ஸ்கேனைப் பாருங்கள்.

நோயாளி தாடையை வலப்பக்கம் நகர்த்தும்போது அந்த அசைவுக்கு வழி காட்டுவது இரண்டு. முன்னால் வலது கோரைப்பற்கள், அதாவது 13-உம் 43-உம். பின்னால் இடது கான்டைல். உங்கள் ஸ்கேனில் வலது பக்கமே கிடையாது. ஆக, 36-இன் பேலன்சிங் அசைவைத் தீர்மானிக்கும் பல் மென்பொருளுக்குத் தெரியாது. அந்த இடத்தை இன்சைசல் டேபிளின் கோணம்தான் நிரப்புகிறது. டேபிள் கோணம் அந்த நோயாளியின் கோரைப்பல் சரிவை விட அதிகமாக இருந்தால், திரையில் தாடை முன்பக்கம் தேவைக்கு மேல் இறங்கும். கடைவாயில் நிறைய இடைவெளி இருப்பதாகத் தெரியும். கிரவுன் வெட்டுப்படாமல் தப்பிவிடும். வாயில் 13 தேய்ந்து தட்டையாக இருந்தால் அந்த இறக்கம் கிடைக்காது, கஸ்ப் இடிக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டேபிள் 0°-இல் கிடந்து, வாயில் கோரைப்பல் செங்குத்தாக இருந்தால் மென்பொருள் கஸ்ப்பை அநியாயத்துக்கு வெட்டி, கிரவுனைத் தட்டையாக்கிவிடும். அப்போது புகார் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மெல்லும் பரப்பு வீணாகப் போனதுதான் மிச்சம்.

ஆகவே ஒரு கிரவுனாக இருந்தாலும், அசைவு ஓட்டப் போகிறீர்கள் என்றால் மேல், கீழ் இரண்டும் முழு ஆர்ச் (பல்வரிசை) ஸ்கேன், இரண்டு பக்கமும் பைட் ஸ்கேன் கேளுங்கள். பாதி ஆர்ச் மட்டும் வந்தால் ஆர்ட்டிகுலேட்டரைத் திறக்காமல், நேர் கடியை மட்டும் வைத்து, கஸ்ப் சரிவைப் பக்கத்துப் பற்களின் தேய்மானத்துக்கு ஏற்ப இறக்கி டிசைன் செய்வதே நேர்மையான வேலை. 34, 35-இல் தேய்ந்த முகப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்தது, 37 ஹையாக வந்த காரணம். இது ஆர்ட்டிகுலேட்டர் சம்பந்தப்பட்டதே அல்ல. 36, 37 இரண்டையும் ப்ரெப் செய்த (கிரவுனுக்காகச் செதுக்கிய) பிறகு அந்தப் பக்கம் பைட்டைத் தாங்க 33, 34, 35 மட்டுமே மிச்சம். பின்னால் தாங்கல் இல்லாததால் மேல், கீழ் ஸ்கேன்கள் சேரும்போது மிகச் சிறிய சாய்வு இருந்தாலும் கடைசிப் பல்லில் அது பெருகும். 33-க்கும் 35-க்கும் இடையே 0.03 மி.மீ. பிசகினால் 37-இல் அதன் இரண்டு மடங்குக்கு மேல் போகும். மறுபக்கம் பைட் ஸ்கேன் இருந்தால் இந்தச் சாய்வை அது பிடித்துக்கொள்ளும்.

ப்ரெப் செய்வதற்கு முன்பே முழு ஆர்ச்சும் பைட்டும் எடுத்துவிட்டு, பின்னர் 36, 37 பகுதியை மட்டும் ஸ்கேனில் அழித்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். எல்லாப் பற்களும் இருந்தபோது பதிந்த பைட் அப்படியே நிற்கும். ஆர்டர் ஷீட்டில் இன்னொரு வரியும் கேட்டு வாங்குங்கள்: 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் தாளை எந்தெந்தப் பல் பிடிக்கிறது, எது விடுகிறது என்று. திரையில் பற்களைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும்போது, பிடிப்பதாக எழுதியிருக்கும் பல்லில் 0.1 மி.மீ. இடைவெளி தெரிந்தால் பைட் தவறு. அந்த நிலையில் டிசைன் தொடங்கவே வேண்டாம்.

தானாக வெட்டும் வசதி பற்றியும் சொல்லியாக வேண்டும். அசைவு உறையை (அசைவில் எதிர்ப்பல் போகும் இடம் முழுவதையும்) கொண்டு வெட்டும்போது அந்த உறைக்குள் நேர் கடி நிலையும் சேர்ந்தே இருக்கிறது. எல்லா அசைவும் அங்கிருந்துதானே புறப்படுகிறது. ‘பாதுகாப்புக்காக’ என்று அசைவுக்கு 0.1 மி.மீ. இடைவெளி கொடுத்து வெட்டினால், நேர் கடியின் தாங்கு புள்ளிகளும் 0.1 மி.மீ. இறங்கிவிடும். கிரவுன் கடியிலிருந்தே விலகிப்போகும். தானியங்கி வெட்டை நேர் கடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசைவுக்கு நிறங்களை மட்டும் காட்டச் சொல்லி, வடிவம் மாற்றும் கருவியால் கையால் எடுங்கள். ஆக்லூசல் காம்பஸ் (அசைவுத் திசைகளைக் காட்டும் வரைபடம்) நிறமுறைப்படி முன்னோக்கிய அசைவு கறுப்பு, ஒர்க்கிங் (தாடை நகரும் பக்கம்) நீலம், பேலன்சிங் பச்சை, முன்-பக்கவாட்டு மஞ்சள், இம்மீடியட் சைடு ஷிஃப்ட் சிவப்பு. கீழ் 36-இல் மேல் மீசியோபேலட்டல் (முன்-அண்ணப்பக்க) கஸ்ப் நடுக்குழியிலிருந்து பின்னோக்கியும் கன்னத்துப் பக்கமும் வெளியேறும் பாதைதான் பச்சை. டிஸ்டோபக்கல் கஸ்ப்புக்கும் டிஸ்டல் கஸ்ப்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அந்தப் பாதையோடு சேர்த்து ஆழப்படுத்தித் திசை திருப்பினால் கஸ்ப் உயரத்தை இழக்காமலே இடிப்பை எடுத்துவிடலாம். மென்பொருள் அப்படி யோசிக்காது. மோதும் இடத்தைச் சீவி மட்டும் விடும்.

அசைவு தூரத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் 3 முதல் 4 மி.மீ. போதும். கூட்டிக்கொண்டே போனால் நோயாளி ஒருபோதும் போகாத இடத்துக்கெல்லாம் சேர்த்து கிரவுனை வெட்ட வேண்டி வரும்.

---

ப்ராஸ்தோ_ஹிஞ்ச்:

மேலே சொன்ன வரிசையோடு உடன்படுகிறேன். முழு ஆர்ச் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு கோணங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் வைத்த 35°-உம் 10°-உம் சேர்ந்தால் தவறு முழுவதும் ஆபத்தான பக்கமே விழும். கான்டைல் சாய்வு அதிகமாக இருந்தால் பின்பற்கள் சீக்கிரம் விலகும், உயரமான கஸ்ப்புக்கு மென்பொருள் இடம் கொடுக்கும். பென்னட் கோணம் குறைவாக இருந்தால் பேலன்சிங் பக்கக் கான்டைல் உள்நோக்கிப் போவது குறையும், அப்போதும் உயரமான கஸ்ப் தப்பித்துவிடும். அளவெடுக்காமல் சராசரியில் ஓட்டுவதானால் இரண்டையும் எதிர்ப் பக்கம் தள்ளுங்கள்: கான்டைல் 25°, பென்னட் 15°, சைடு ஷிஃப்ட் 0.5 மி.மீ. அப்போது மதிப்பு தவறினாலும் கிரவுன் கொஞ்சம் தட்டையாக வரும், இடிக்காது. ஹனாவ் சூத்திரத்தில் கான்டைல் சாய்வை 8-ஆல் வகுத்து 12 கூட்டினால் பக்கவாட்டுக் கோணம், அதாவது பென்னட், கிடைக்கும். உங்கள் 35°-க்கே 16.4° வருகிறது. அந்தச் சூத்திரத்தை நான் துல்லியமாக நம்பச் சொல்லவில்லை. 10° எவ்வளவு குறைவு என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

10° வித்தியாசம் பெரிதா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்டைல் தன் பாதையில் 3 மி.மீ. நகர்ந்தால் 30°-இல் 1.5 மி.மீ. இறங்கும், 40°-இல் 1.93 மி.மீ. வித்தியாசம் 0.43. முதல் கடைவாய்ப்பல் கான்டைலுக்கும் முன்பற்களுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் அங்கே பாதி, அதாவது சுமார் 0.2 மி.மீ. நீங்கள் தேய்த்து எடுத்த கனத்தை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நிறைய லேப்களில் கவனிக்காமல் விடும் விஷயம் ஆதாரத் தளம். ஃபிராங்க்ஃபர்ட் தளத்தை (கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத் துளையும் சேர்ந்தது) வைத்து அளந்த கோணமும், கேம்பர் தளத்தை (மூக்கு இறக்கையும் காதும் சேர்ந்தது) வைத்து அளந்த கோணமும் ஒரே நோயாளிக்கே 10 முதல் 15° வரை வேறுபடும். கேம்பர் தளம் முன்பக்கம் கீழே சாய்ந்திருப்பதால் அதை வைத்து அளந்தால் எண் சிறிதாக இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட்டில் அளந்த 45°-ஐ எடுத்து, மாடல் கேம்பருக்கு இணையாக ஏற்றப்பட்ட ஆர்ட்டிகுலேட்டரில் போட்டால் கிரவுன் இடிப்பது உறுதி. டாக்டர் ஒரு எண்ணை எழுதி அனுப்பினால், எந்தத் தளம், எந்த ஆர்ட்டிகுலேட்டர் என்று கேட்காமல் அதைத் தட்டச்சு செய்யாதீர்கள். மென்பொருளிலும் அதே ஆர்ட்டிகுலேட்டர் மாடலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சராசரி நிலையில் ஏற்றுவது என்றால் பான்வில் முக்கோணம், அதாவது இரண்டு கான்டைல்களும் கீழ் நடு வெட்டுப்பற்களின் தொடுபுள்ளியும் சேர்ந்த, பக்கம் சுமார் 4 அங்குலம் உள்ள சமபக்க முக்கோணம். அதன் தளத்துக்கும் கடித் தளத்துக்கும் இடையிலுள்ள பால்க்வில் கோணம் பொதுவாக 20 முதல் 26°. பாதி ஆர்ச் ஸ்கேனில் நடுக்கோடு எங்கே, கடித் தளம் எந்தச் சாய்வில் என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. நீங்கள் கண்ணால் வைத்ததுதான். முழு ஆர்ச் கேட்பதற்கு இது இன்னொரு காரணம்.

கான்டைல் சாய்வை நோயாளியிடமிருந்தே எடுக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. தாடையை நேராக முன்னே கொண்டுவரச் சொல்லி, முன்பற்கள் விளிம்போடு விளிம்பு நிற்கும் நிலையில் முன்பக்கம் மட்டும் கடினமான பைட் சிலிக்கான் வைத்துப் பூட்டுங்கள். பின்பற்களில் சிலிக்கான் படக் கூடாது. அந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் இன்னொரு பைட் ஸ்கேன். முன்னே வரும்போது பின்னால் திறக்கும் அந்த இடைவெளிதான் கிறிஸ்டென்சன் விளைவு. கோணத்தைப் பற்றிய தகவல் முழுவதும் அதில் இருக்கிறது. முன்-அசைவு பைட்டை ஏற்கும் மென்பொருள் என்றால் கான்டைல் அச்சு நேர் கடியில் எங்கே இருந்தது, இப்போது எங்கே வந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் இணைக்கும் கோட்டின் சாய்வைக் கோணமாகக் கொடுக்கும்.

இதில் முன்னே நகர்ந்த தூரம் முக்கியம். பல்லில் இருக்கும் சிறு ஸ்கேன் பிழை கான்டைலுக்குப் போகும்போது பெருகும். கான்டைலில் 0.3 மி.மீ. பிழை என்று வையுங்கள்: 5 மி.மீ. நகர்ந்த பைட்டில் அது 3 அல்லது 4° பிசகு, 2 மி.மீ. மட்டும் நகர்ந்த பைட்டில் 8°-க்கு மேல். ஆகவே 4 மி.மீ.க்குக் குறைந்த பைட்டிலிருந்து வரும் கோணத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். இடது, வலது கோணங்கள் 15°-க்கு மேல் வேறுபட்டால் நோயாளி நேராக முன்னே வராமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

---

மில்பெஞ்ச்:

மிக்க நன்றி டாக்டர், நன்றி கஸ்ப் சார். பைட் ஸ்கேனைத் திறந்து குறுக்குவெட்டு பார்த்தேன், 34-இல் 0.08 மி.மீ. இடைவெளி இருக்கிறது. ரீ-ஸ்கேன் கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை முழு ஆர்ச்.

தொடர்ந்து ஒன்று. அடுத்து வரும் கேஸில் மேல், கீழ் முழுவதும் தேய்ந்திருக்கிறது, கடியின் உயரத்தை 3 மி.மீ. தூக்க வேண்டும். அவர்களிடம் ஜா-டிராக்கிங் பதிவு இருக்கிறதாம். அதை இறக்குமதி செய்தால் ஆர்ட்டிகுலேட்டர் செட்டிங்கே தேவையில்லை என்கிறார்கள். சரிதானா?

---

அசைவுப்பதிவு:

பாதி சரி. ஜீப்ரிஸ், மோட்ஜா போன்ற கருவிகள் பதிவு செய்வது மேல்தாடையை நிலையாக வைத்து, கீழ்த்தாடை ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கிறது என்பதை. பதிந்த அசைவை அப்படியே திரும்ப ஓட்டுவதற்கு கான்டைல் கோணமும் வேண்டாம், பென்னட்டும் வேண்டாம். எல்லாம் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸோகேடில் ஜா மோஷன் இறக்குமதி இருந்தால் உங்கள் 36 போன்ற கேஸுக்கு அது அருமையான வழி.

உயரத்தைத் தூக்குவது வேறு விஷயம். பதிவில் இல்லாத ஒரு நிலைக்குத் தாடையைத் திறக்கிறீர்கள். அதற்கு எந்த அச்சில் சுழல்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். காதின் டிரேகஸின் (காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டின்) பின்விளிம்பிலிருந்து கண்ணின் வெளிமூலை நோக்கிய கோட்டில் 13 மி.மீ. முன்னால் எடுக்கும் தோராய அச்சு, பெரும்பாலோருக்கு உண்மை அச்சிலிருந்து 5 மி.மீ.க்குள் விழும். அந்த 5 மி.மீ. பிழையோடு 3 மி.மீ. தூக்கினால் தாடை முன்னோ பின்னோ சுமார் 0.2 மி.மீ. தவறிய இடத்தில் வந்து நிற்கும். முழு வாய் கேஸில் அது எல்லாப் பல்லிலும் சேர்ந்து வரும். ஆகவே டிராக்கிங் செய்யும்போதே சுழல் அச்சையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்; சிறிய திறப்பு-மூடல் அசைவுகளிலிருந்து அதைக் கணக்கிடலாம். வேறு காரணத்துக்காக எடுத்த சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) இருந்தால் பற்களை வைத்து ஸ்கேனோடு பொருத்தி, கான்டைல் மையத்தை நேரடியாகக் குறிக்கலாம். உலோகக் கிரவுன் நிறைய இருந்தால் பொருத்தம் கெடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, தூக்கிய உயரத்திலேயே பைட் எடுத்து அனுப்பச் சொல்வது. அப்போது அச்சின் பிழைக்கு வேலையே இல்லை.

பதிவு கெடும் இடங்கள் சில உண்டு. கீழ்ப்பற்களின் வெளிமுகத்தில் ஒட்டும் பிடிப்பான் மேல்பல்லில் லேசாக இடித்தாலும் நோயாளி வேறு பாதையில் கடிப்பார். ஒட்டு தளர்ந்தால் பாதிப் பதிவுக்குப் பிறகு எல்லாம் நகர்ந்திருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் நேர் கடியைப் பதிந்து இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா என்று சரிபார்த்தால் இது தெரிந்துவிடும். மூன்றாவது, ஏற்கெனவே இடிப்பு உள்ள நோயாளி அதைச் சுற்றிப்போகும் பாதையில் மெல்லப் பழகியிருப்பார். மெல்லும் அசைவை மட்டும் பதிந்தால் அந்தப் பழக்கம்தான் உங்கள் டிசைனுக்குள் வரும். பற்கள் தொட்டபடி வலம், இடம், முன் என்று தனித்தனியாகச் சறுக்கிய பதிவும் வேண்டும்.

முழு வாய் கேஸில் கோரைப்பற்களையும் நீங்களே செய்யப் போகிறீர்கள். தேய்ந்த பல்லின் பழைய அசைவு அங்கே வழிகாட்டியாக இருக்க முடியாது. முன்பற்களின் சரிவை முதலில் பிஎம்எம்ஏ (பிளாஸ்டிக்) தற்காலிகக் கிரவுனில் வைத்து, நோயாளி சில வாரம் பயன்படுத்திய பின் அதை ஸ்கேன் செய்து, மறுபடி அசைவு பதிந்து, அதற்குப் பிறகு பின்பற்களின் கஸ்ப்பைத் தீர்மானியுங்கள்.

---

கஸ்ப்_டு_ஃபோஸா:

கனம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சேர்த்துவிடுகிறேன். குறைந்தபட்சக் கனத்தைக் காக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எதிர்ப்பல்லுக்காக வெட்டிய இடத்தை மென்பொருள் அந்தக் கன எல்லையில் நிறுத்திவிடும். ஆக, அசைவுக்கு எவ்வளவு வெட்டச் சொன்னாலும் அந்த இடம் அதற்குக் கீழே இறங்காது. வெட்டிய பிறகு ப்ரெப்பையும் எதிர்ப்பல்லையும் சேர்த்துக் குறுக்குவெட்டில் பார்த்து, பச்சைப் பாதை போகும் இடத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அங்கே கிரவுனுக்கு 0.7 மி.மீ. கூட மிஞ்சவில்லை என்றால் மில்லிங்குக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் படத்தை டாக்டருக்கு அனுப்பி, 36-இன் கன்னப்பக்கக் கஸ்ப் உள்சரிவில் இன்னும் 0.3 மி.மீ. குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நாளை கிளினிக்கில் ஜிர்கோனியாவை அரை மணி நேரம் தேய்ப்பதை விட இன்று ப்ரெப்பில் ஒரு நிமிடம் செலவிடுவதை எந்த டாக்டரும் விரும்புவார்.

இப்போது கையில் இருக்கும் 36 பற்றி: 0.5-க்கு வந்த இடம் பல்லின் பின்பகுதியில், வேலைப்பளு அதிகமுள்ள சரிவில் இருக்கிறது. எந்த ஜிர்கோனியா பிளாக் என்று பார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சக் கனத்தோடு ஒப்பிடுங்கள். ஒளி ஊடுருவும் வகை, அதாவது 5ஒய் என்றால், கண்டிப்பாக மறுபடி செய்யுங்கள். அதன் வலிமை 3ஒய்-ஐ (யிட்ரியா குறைந்த வகை) விட நன்றாகக் குறைவு. 3ஒய் என்று வைத்துக்கொள்ள முடிவெடுத்தாலும், தேய்த்த இடத்தை ஜிர்கோனியா பாலிஷிங் ரப்பரால் கரடு, நடுத்தரம், மென்மை என்று வரிசை தவறாமல் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை மெருகேற்றச் சொல்லுங்கள். கரடாக விட்டால் மேல் 26-இன் எனாமலை அது தின்றுவிடும்.